ஊதாங்குழலும் 65 கிரெயின் கருமருந்தும்

என்னிடம் இருப்பது 1874 மாடல் ஷார்ப்ஸ் ரைஃபிளின் நகல். இத்தாலியில் பெடர்சோலி நிறுவனம் செய்தது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான் போட முடியும், தோட்டா .45-70. 2019 இல் ஹூஸ்டனில் வாங்கினேன், அன்று முதல் இதில் கருமருந்தை, அதாவது பழைய காலத்துக் கரிய வெடிமருந்தை, தவிர வேறு எதையும் போட்டதில்லை. குண்டை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நானே வார்க்கிறேன், மருந்தையும் நானே கெட்டிக்கிறேன். இப்போது 200 கெஜத்தில் பத்து ரவுண்டும் மூன்றரை அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன, காற்றில்லாத காலையாக இருந்தால் மூன்று அங்குலம். தொடங்கிய வருடம் அதே தூரத்தில் பதினொரு அங்குலம். பதினொன்று எப்படி மூன்றரை ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஏனென்றால் முதல் மூன்று வருடமும் மருந்தின் எடையை அரை கிரெயின் கூட்டுவது, அரை கிரெயின் குறைப்பது என்றே போனது, கோளாறு இருந்த இடம் அதுவே இல்லை.

.45-70 என்பது தெரியாதவர்களுக்கு: 0.45 அங்குல விட்டக் குண்டு, 70 கிரெயின் கருமருந்து. 1873 இல் அமெரிக்க ராணுவம் தன் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிக்கு எடுத்துக்கொண்ட தோட்டா, அப்போது 405 கிரெயின் ஈயக் குண்டோடு வந்தது. கிரெயின் என்பது தானியமணியை வைத்து வந்த எடை, 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் ஊர் ஆசாரிகள் தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் இருக்கும், அப்படியானால் 70 கிரெயின் என்பது 35 குன்றிமணி. அளவில் பார்த்தால் ஒரு டீஸ்பூன் மருந்து. அந்த ஒரு டீஸ்பூன்தான் நாற்பது ஐம்பது கிரெயின் குண்டை அல்ல, 500 கிரெயினுக்கு மேல் இருக்கும் ஈயக் கட்டியை அரை கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறது.

1874 இல் நியூயார்க் லாங் ஐலண்டில் கிரீட்மோர் மைதானத்தில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1,000 கெஜத்தில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் முன்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளோடு வந்தார்கள், அமெரிக்கர்களிடம் ஷார்ப்ஸும் ரெமிங்டனும். முடிவு 934க்கு 931, மூன்றே புள்ளி. டெலஸ்கோப் கிடையாது, வேகத்தை அளக்கும் மின்னணுக் கருவி கிடையாது, கருமருந்தும் ஈயமும் மட்டும். இந்த எண்களைப் படித்த வாரம்தான் ரைஃபிளுக்கு முன்பணம் கட்டினேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மைதானத்துக்கு வரும் ஒரு பெரியவர், வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். முதல் நாள் அவர் சொன்னது ஒன்றுதான்: மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விடாதே. புகையில்லா மருந்து போடும் நவீனத் தோட்டாவில் பாதிக் கூடு காலியாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கருமருந்தில் அப்படி விட்டால் குழலில் மோதிரம் போட்டதுபோல் ஒரு வீக்கம் எழும்ப வாய்ப்பு உண்டு, அப்புறம் அந்தக் குழல் குழல் இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கொக்கு சுட வரும் நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் நச் நச்சென்று குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கெட்டிப்பது என்ற வார்த்தையே அங்கே கற்றதுதான். அந்தக் குத்துக்கு என்ன காரணம் என்பது டெக்சஸில் போய்ப் புரிந்தது.

தோட்டாவில் கம்பியால் குத்த முடியாது, அதற்கு இரண்டு படி இருக்கிறது. முதலில் 30 அங்குல நீளப் பித்தளைக் குழாய் ஒன்றின் வழியாக மருந்தை மெதுவாக விட வேண்டும். படியில் அரிசியைக் குலுக்கி அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும் இல்லையா, அதே கதை. மணிகள் ஒவ்வொன்றாக விழுந்து இடுக்கில் உட்காரும், சும்மா கொட்டினால் வாய்வரை வரும் மருந்து இப்படி விட்டால் கண்ணுக்குத் தெரியும்படி கீழே இறங்கி நிற்கும். அதன்மேல் வாட் என்கிற வட்டத் துண்டு, நான் 0.060 அங்குலத் தடிப்புள்ள நார் அட்டையை வைக்கிறேன். இரண்டாவது, அழுத்துவதற்கென்று இருக்கும் டை என்ற அச்சை, தோட்டா கெட்டிக்கும் பிரஸ்ஸில் மாட்டி வாட்டோடு சேர்த்து மருந்தைக் கீழே அழுத்துவது. குண்டை வைத்தே அழுத்திவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். குண்டு சுத்த ஈயத்துக்குப் பக்கத்தில் இருப்பது, அந்த அழுத்தத்தில் அதன் மூக்கு நசுங்கும், அடிப்பகுதி பிதுங்கும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பெரியவர் என் தோட்டா ஒன்றைப் பிரித்துக் குண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்துக் காட்டினார். நான்கு இடத்தில் நான்கு அளவு. பதினொரு அங்குலம் அந்த மாதமே எட்டு அங்குலம் ஆனது, டை ஒன்றை வாங்கியதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

எவ்வளவு அழுத்துவது என்பது மருந்தைப் பொறுத்தது, இதை நான் கற்றது வேறு வழியில்லாமல். தொடக்கத்தில் நான் வாங்கியது லூயிசியானா மாநிலம் மின்டனில் செய்யப்பட்ட கோயெக்ஸ் மருந்து. அதைக் கால் அங்குலத்துக்கு மேல் அழுத்தினால்தான் என் ரைஃபிளில் ஒழுங்காக எரிந்தது. 2021 இல் அந்த ஆலையை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது, கடைகளில் இருந்ததெல்லாம் சில வாரங்களில் தீர்ந்தது (அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது, அது தனிக் கதை). கையில் இருந்த இரண்டு பவுண்டு தீர்ந்த பிறகு ஸ்விட்சர்லாந்தில் ஓபோன் என்ற ஊரில் செய்யப்படும் ஸ்விஸ் மருந்துக்கு மாறினேன், மணி அளவு ஒன்றரை எஃப். பழைய பழக்கத்தில் அதையும் கால் அங்குலம் அழுத்தினேன். குரூப், அதாவது குண்டுகள் விழும் வட்டம், இரண்டு மடங்காக விரிந்தது. ஸ்விஸ் மருந்தின் மணிகள் அடர்த்தியும் பளபளப்பும் கூடியவை, வேகமும் அதிகம், அதற்கு லேசான அழுத்தம் போதும். 0.06 அங்குலத்திலிருந்து தொடங்கி 0.02 அங்குலமாக ஏற்றிப் பார்த்தேன், என் குழலுக்கு 0.08 பிடித்தது. மருந்தை மாற்றினால் பழைய கணக்கு எதையும் கூடவே தூக்கிக்கொண்டு வரக்கூடாது, எடையையும் சேர்த்துத்தான். கீழிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரே பிராண்டாக இருந்தாலும் லாட் எண் (ஒரே தடவையில் செய்த மருந்துக்குப் போடும் எண்) மாறினால் பத்து ரவுண்டாவது சுட்டுப் பார்த்துவிடுங்கள். இப்போது ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுகிறேன்.

குண்டு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மருந்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் ஈயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 535 கிரெயின் குண்டுக்கான, போஸ்டெல் என்று பெயர் கொண்ட வடிவத்து அச்சு என்னிடம் இருக்கிறது, மூக்கு நீளமானது. ஆரம்பத்தில் முப்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தேன். ரொம்ப மென்மை. மருந்து வெடித்துப் பின்னாலிருந்து தள்ளும் அந்த முதல் கணத்தில் நீண்ட மூக்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், அடி மட்டும் முன்னேறும், மூக்கு கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துவிடும். பதினாறுக்கு ஒன்று என்று மாற்றினேன், இலக்குத் தாளில் துளைகள் வட்டமாக விழ ஆரம்பித்தன. அதற்கு முன்பு சில துளைகள் லேசாக முட்டை வடிவில் இருந்ததை நான் காற்றின்மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

வார்க்கும்போது அச்சு சூடேறும்வரை முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைப் பார்க்காமலே பாத்திரத்தில் திருப்பிப் போட்டுவிடுவேன். அகப்பையால் ஊற்றும்போது வாயை அச்சின் துளையோடு ஒட்டி நான்கைந்து விநாடி பிடித்திருக்க வேண்டும், உள்ளே ஈயம் உறையும்போது சுருங்கும், சுருங்கிய இடத்துக்கு மேலிருந்து இன்னும் ஈயம் இறங்க வழி வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு சின்னக் குழி, தராசில் வைத்தால் ஒன்றரை இரண்டு கிரெயின் குறையும். எல்லாவற்றையும் நிறுத்து, ஒரு கிரெயின் வித்தியாசத்துக்குள் வருவதை மட்டும் போட்டிக்கு வைத்துக்கொள்கிறேன், மற்றவை பயிற்சிக்கு. அடிப்பகுதியின் விளிம்பு கூர்மையாக, எந்தச் சொட்டையும் இல்லாமல் இருக்க வேண்டும். மூக்கில் ஒரு கீறல் இருந்தால்கூடப் பரவாயில்லை, அடி விளிம்பில் இருக்கக் கூடாது, குண்டு குழலை விட்டுக் கடைசியாக வெளியேறும் இடம் அது, அங்கே வாயு ஒரு பக்கம் முந்தினால் குண்டு சாயும்.

உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஆவியாகி மொத்தத்தையும் முகத்தில் வீசும். ஈரமான பழைய ஈயத்தைச் சூடான பாத்திரத்தில் போடவே போடாதீர்கள். நீண்ட கை சட்டை, முகக் கவசம், கதவும் ஜன்னலும் திறந்த இடம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. குழந்தைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. வருடம் ஒரு முறை ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்கிறேன், மருத்துவரிடம் கேட்டால் மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

சரி, இவ்வளவும் சரிசெய்த பிறகு ஐந்து அங்குலத்தில் வந்து நின்றது. அங்கிருந்தும் நான் மருந்தின் எடையோடுதான் மல்லுக்கட்டினேன். 62 கிரெயினிலிருந்து 70 வரை, ஒவ்வொன்றிலும் ஐந்து ரவுண்டு. ஒரு சனிக்கிழமை 66 நன்றாக இருக்கும், அடுத்த சனிக்கிழமை அதே 66 மோசமாக இருக்கும், 64 நன்றாக இருக்கும். நோட்டுப் புத்தகம் நிறைய எண்கள், எதிலும் தொடர்ச்சி இல்லை. பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து ரவுண்டு குரூப் எதையும் நிரூபிக்காது, பத்துச் சுடு, அதையும் இரண்டு தனித்தனி நாளில் சுடு என்றார். பத்துப் பத்தாகச் சுட்டபோது 64க்கும் 68க்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை என்பது தெரிந்தது. இதற்கிடையில் வேகம் அளக்கும் கருவி ஒன்றும் வாங்கியிருந்தேன். 65 கிரெயினில் விநாடிக்கு 1,180 அடி சுமாராக வந்தது, பத்து ரவுண்டில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் 14 அடிதான் வித்தியாசம். கருமருந்துக்கு இது நல்ல எண். மருந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, ஆனால் குரூப் ஐந்து அங்குலம். அந்த இடத்திலேயே நான் மருந்தை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

என்னைத் திருப்பியது ராட்டன். நியூ மெக்சிகோ மாநிலத்தில் கொலராடோ எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர், அதன் பக்கத்தில் விட்டிங்டன் சென்டர் என்ற பெரிய மைதானம். கருமருந்துத் தோட்டா ரைஃபிள்களுக்கான சில்லூவெட் போட்டிக்குப் பேர் போன இடம். இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்குகள் நிற்கும்: 200 மீட்டரில் கோழி, 300 இல் பன்றி, 385 இல் வான்கோழி, 500 இல் செம்மறிக் கிடா. கோழியை நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும், மற்றவற்றுக்குக் குறுக்காகக் கட்டிய இரண்டு கம்புகளில் குழலைச் சாய்த்துக்கொள்ளலாம். அடித்தால் போதாது, விழ வேண்டும். ஹூஸ்டனிலிருந்து ஒன்றரை நாள் காரோட்டிப் போனேன், 2022 ஜூன் மாதம்.

முதல் ஐந்து ரவுண்டு நன்றாகப் போயின. ஆறாவது தோட்டாவை உள்ளே தள்ளும்போது கட்டைவிரலுக்கு ஒரு தடை தெரிந்தது. என் குண்டு, குழலின் புரி (உள்ளே வெட்டிய சுழல் பள்ளம்) தொடங்கும் இடத்தைத் தொடும்படி வெளியே நீட்டி வைக்கப்பட்டிருக்கும், வழக்கமாகக் கடைசியில் லேசாக அழுத்தினால் போய்விடும். அன்று பலமாக அழுத்த வேண்டியிருந்தது. அது எங்கே போய் விழுந்தது என்று எனக்குக் கண்பார்த்துச் சொன்னவருக்கும் தெரியவில்லை. எட்டாவது தோட்டா உள்ளே முழுதாகப் போகவே இல்லை. இடைவேளையில் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், முதல் பத்து அங்குலம் தேங்காய்ச் சிரட்டையை உள்ளே ஒட்டியதுபோல் கறுத்துக் காய்ந்த ஓடு, அதன் நடுவில் வெள்ளி இழை மாதிரி ஈயத் தடம். ஹூஸ்டனில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் கையிலிருந்த சின்ன ஈரப்பதமானியைக் காட்டினார், 14 சதவீதம். நான் கிளம்பி வந்த ஊரில் அது எண்பது.

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதே இல்லை, திடப்பொருளாகத்தான் மிஞ்சும், பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். 65 கிரெயின் போட்டால் 35 கிரெயின் சுமாருக்குக் கசடு. நிறையப் புகையாக வெளியே போய்விடும், மிச்சம் குழலுக்குள் படியும். அந்த உப்புகள் ஈரத்தை இழுக்கும், ஈரம் கிடைத்தால் களிம்பு போல இளகி அடுத்த குண்டுக்கு வழி விடும், கிடைக்காவிட்டால் ஓடாக இறுகும். ஹூஸ்டனின் காற்றே எனக்குத் தெரியாமல் மூன்று வருடமாக என் குழலை நனைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கேயும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குரூப் மாறியதற்குக் காரணம் 64உம் 66உம் இல்லை, வடக்கேயிருந்து வறண்ட காற்று வந்த நாளும் கடற்காற்று வந்த நாளும்தான். நோட்டுப் புத்தகத்தில் தேதி இருந்தது, அந்த நாட்களின் வானிலையைத் தேடி எடுத்து எதிரே எழுதினேன், மோசமான குரூப்புகளில் பெரும்பாலானவை குளிர்காலத்து வறண்ட நாட்களில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

எல்லோரும் வைத்திருப்பதுபோல் என்னிடமும் ஊதுவதற்கு ஒரு குழாய் இருந்தது. காலித் தோட்டாக்கூட்டின் அடியில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகினால் முடிந்தது, அடுப்பூதும் ஊதாங்குழலேதான், வேலை மட்டும் வேறு. சுட்டு முடித்துக் கூட்டை வெளியே எடுத்த பிறகு, அறை காலி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைப் பின்பக்கம் பொருத்தி வாயால் ஊத வேண்டும். மூச்சில் இருக்கும் ஈரம் கசடை இளக்கும். நான் அதை ஒரு சடங்கு போலச் செய்துகொண்டிருந்தேன், சில நேரம் இரண்டு ஊது, சில நேரம் நான்கு, பக்கத்தில் யாராவது பேசினால் மறந்தும் போவேன். ராட்டனுக்கு அது போதாது. மலைமேல், 6,000 அடிக்கு மேலே, வாயே காய்ந்து கிடக்கும்போது மூச்சில் ஈரம் எங்கிருந்து வரும்?

ஊர் திரும்பிய பிறகு ஆறு மாதம் மருந்தின் அளவைத் தொடவே இல்லை. 65 கிரெயின், 0.08 அங்குலம், அதே வாட், அதே குண்டு, எல்லாவற்றையும் மாற்றாமல் அப்படியே வைத்தேன். மாற்றியது இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவில் என்ன செய்கிறேன் என்பதை மட்டும். ஊதாமல் பத்து, மூன்று ஊதி பத்து, ஆறு ஊதி பத்து, ஈரத் துணி ஒன்று போட்டுப் பத்து, ஈரம் ஒன்று காய்ந்தது ஒன்று போட்டுப் பத்து. ஊதுவதானாலும் ஒரே நீளத்தில், மெதுவாக, ஒன்றுக்கு ஐந்து விநாடி. கடைசி ஊதுக்கும் அடுத்த சுடுதலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். எந்த முறை என்பதைவிட அந்த முறை ஒவ்வொரு ரவுண்டுக்கும் அச்சு மாறாமல் நடந்ததா என்பதில்தான் குரூப் இருந்தது. ஆறு ஊதிய குரூப் நான்கு அங்குலத்துக்குக் கீழே வந்தது. ஈரமும் காய்ந்ததுமாகத் துடைத்த குரூப் மூன்றரை. மூன்று வருடம் எடையை மாற்றிக் கிடைக்காதது.

இப்போது என் வழக்கம் இது. ஈரப்பதம் அறுபதுக்கு மேல் இருந்தால் ஐந்து ஊது, அவ்வளவுதான், நேரமும் மிச்சம். அதற்குக் கீழே போனால் துடைப்பது. பாலிஸ்டால் எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு, நன்றாகக் குலுக்கினால் பால் மாதிரி ஆகும். அதில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் ஒரே தள்ளு, அடுத்து காய்ந்த துணி ஒன்று. தோட்டா உட்காரும் அறையைத் தனியாக உலர்த்த வேண்டும், அங்கே ஈரமோ எண்ணெயோ தங்கினால் குண்டு மேலே கீழே போகும், பித்தளைக் கூடு சுவரைப் பிடிக்காமல் பின்னால் அடிக்கும். கிரீட்மோர் காலத்து நெடுந்தூரப் போட்டியாளர்களிடம் ரவுண்டுக்கு ரவுண்டு துடைக்கும் வழக்கம் இருந்தது, அதை நான் பழைய காலத்துத் தொல்லை என்றே நினைத்திருந்தேன். வறண்ட ஊரில் ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிலர் ஈரமான பஞ்சைக் குழாய்க்குள் வைத்துக்கொண்டு ஊதுகிறார்கள்.

குண்டில் தடவும் மெழுகும் இதே கணக்கில் சேரும். தேன்மெழுகு கலந்த மென்மையான மசகு, குண்டின் பள்ளங்களில் நிறைய நிற்க வேண்டும், 30 அங்குலக் குழலின் முனைவரை அது வந்து சேர வேண்டும். வந்ததா என்பதைக் குழல் முனையைப் பார்த்தே சொல்லிவிடலாம், புரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஈரமான ஒரு நட்சத்திரம் படிந்திருக்கும். நட்சத்திரம் வற்றிக் கறுத்துக் காய்ந்தால் குழலின் முன்பகுதி பட்டினி கிடக்கிறது, அடுத்த மூன்று ரவுண்டுக்குள் குரூப் உடையும். நான் இலக்குத் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறேன். இந்த மசகு வாட்டில் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு, வாட் குண்டின் அடியில் ஒட்டியபடி கூடவே பறந்தால் அந்த ரவுண்டு எங்கேயோ போகும். வெயிலில் கிடந்த தோட்டாக்களில் எனக்கு இப்படி ஆனது. வாட்டுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகித வட்டம் வைத்தேன், நின்றுவிட்டது.

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மாற்றிப் பார்த்ததில் எனக்குப் பெரிய பலன் இல்லை, சிலருக்கு இருந்திருக்கிறது. கூடுகளின் வாயை ஐந்து முறைக்கு ஒரு தரம் சூடு காட்டி இளக்குவது பலன் தந்தது, குண்டைப் பிடிக்கும் பிடி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது. சுட்ட கூடுகளை அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் போடுங்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மைதானத்துக்கே எடுத்துப்போகிறேன். ரைஃபிளும் அப்படித்தான், அன்று இரவே வெந்நீர், துணி, பிறகு எண்ணெய். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் துரு பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த எண்கள் என் குழலுக்கானவை. உங்களுடையது வேறு, தோட்டா கெட்டிப்பதற்கான அச்சிட்ட ரீலோடிங் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு அதன் தொடக்க அளவிலிருந்து வாருங்கள். பழைய துப்பாக்கி என்றால் முதலில் விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கருமருந்து என்று எழுதிய இடத்தில் புகையில்லா மருந்தை அதே அளவு போட்டால் துப்பாக்கி வெடிக்கும், அதனால் என் கொட்டகையில் இரண்டாவது வகை மருந்தே கிடையாது, குழப்பத்துக்கு வாய்ப்பே வைக்கவில்லை. கருமருந்து ஒரு பொறிக்குப் பிடித்துக்கொள்ளும், அதற்கென்று செய்த அளவுக் கருவியைத் தவிர வேறு எதிலும் அளக்காதீர்கள், டப்பா மூடியே இருக்கட்டும், வேலை நடக்கும் மேசையில் அன்றைக்கு வேண்டியது மட்டும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு, அங்கே ஆயுதச் சட்டமும் வெடிபொருள் சட்டமும் வேறு, உரிமம் இல்லாமல் இதில் எதையும் முயலக் கூடாது.

2023 ஜூனில் மறுபடி ராட்டனுக்குப் போனேன். ஈரப்பதம் 17. அதே 65 கிரெயின், அதே குண்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் இரண்டு துணி. பத்துக் கிடாக்களில் ஏழு விழுந்தன, போன மூன்றும் பக்கவாட்டில்தான் போயின, மேலேயோ கீழேயோ ஒன்றுகூட இல்லை. 500 மீட்டரை இந்தக் குண்டு கடக்க ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் காற்று திரும்பிவிடுகிறது, அதைப் படிப்பதற்குத்தான் இப்போது கொடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பதாவது தோட்டாவும் கட்டைவிரலின் லேசான அழுத்தத்தில் உள்ளே போனது. சுட்டு முடித்துக் குழல் முனையைத் திருப்பிப் பார்த்தேன், நட்சத்திரம் ஈரமாக இருந்தது.